காலி என்று நான் எழுதிய இடம்

அக்காவின் மாமியார் இறந்துபோன மூன்றாம் நாள்தான் மாட வீதியில் எங்கள் கணக்கெடுப்பு தொடங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் தலையெழுத்து, அரசாங்கம், கெட்ட நேரம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்துப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்தது என் விரலால் நடந்தது.

நான் அப்போது ஒரு ஆலோசனை நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியை. ஆபீஸ் தரமணியில். மயிலாப்பூரில் கோயிலையும் குளத்தையும் சுற்றியுள்ள வீதிகளை ஆன்மிகச் சுற்றுலாவுக்காக மேம்படுத்தப் போகிறார்கள் என்றும், அதற்கு முன்னால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றும் சொல்லி எங்களை அனுப்பினார்கள். பழைய வீடு, மண்டபம், மரம், மின்கம்பம், சாக்கடை மூடி, நடைபாதைக் கடை, எல்லாவற்றையும் டேப்லெட்டில் போட்டோ பிடித்து, இடத்தைக் குறித்து, பெயர் எழுத வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் குளத்தங்கரையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும்.

அந்த வீதியில்தான் அக்கா பூ விற்றாள். அம்மா போன பிறகு அந்த இடம் அவளுக்கு வந்தது. ஒரு பலகை, ஒரு கூடை, ஈரச் சாக்கு, தலைக்கு மேலே கம்பி துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குடை, அவ்வளவுதான் கடை. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். அவருடைய மருந்து, மகளின் படிப்பு, மந்தைவெளியில் அந்த ஒண்டுக் குடித்தன வாடகை எல்லாம் அந்தக் கூடையிலிருந்துதான் வந்தன. கையில் இருந்த பழைய வியாபாரி அடையாள அட்டைகூட அம்மா பெயரில்தான் இருந்தது. மாற்றிக்கொள் மாற்றிக்கொள் என்று நான் சொல்லாத நாளில்லை. அவளுக்கு ஆபீஸ் வாசலில் போய் நிற்க நேரம் கிடைத்ததில்லை.

பூக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை கூடையைத் தொட மாட்டார்கள். காய்கறி விற்கிறவர் இரண்டாம் நாளே கடை விரிக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பூ அப்படியில்லை. வாங்குகிறவர் அதை நேரே கோயிலுக்குள் கொண்டு போகிறார். இந்த வழக்கம் தெரிந்திருந்தும் நான் அக்காவிடம் போய்க் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள் வந்து உட்கார், போட்டோ எடுத்ததும் எழுந்து போய்விடு என்றேன்.

"சாமிக்குப் போற பூடி அது. தீட்டுக் கையோட குடுத்தா வாங்குறவங்களுக்கு இன்னா தெரியப் போவுது? எனக்குத் தெரியும்ல?" என்றாள்.

"நீ விக்காதக்கா. சும்மா குந்திக்கினு இரு, போதும்."

"பூக்காரி சாவு வூட்லேர்ந்து வந்து கூடையப் பரப்பிக்கினு குந்தினா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? போடி. பதினாறு நாளுதான? எடம் எங்கியும் ஓடிப் போவாது."

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. சாவு வீட்டுக்காரரின் இடத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் கால்கூட வைக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு வலது பக்கம் அகல் விளக்கு விற்கும் அண்ணன், வெள்ளிக்கிழமை வந்தால் தன் தட்டை ஒரு சாண் உள்ளே தள்ளுவார். அக்கா அவரைப் பரம்பரையோடு சேர்த்து ஏசி, தட்டைக் காலால் வெளியே தள்ளுவாள். வாராவாரம் இது நடக்கும். அதே அண்ணன், அக்கா வீட்டில் சாவு என்று தெரிந்ததும், தினமும் காலையில் அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். இரண்டு ஓரத்திலும் செங்கல் வைத்தார். வெளியிலிருந்து யாராவது கூடையோடு வந்து இறக்கப் பார்த்தால், "சாவு வூட்டு எடம்ப்பா, குந்தாத" என்று விரட்டினார். அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதால், ஊசி விழ இடமில்லாத அந்த வீதியில் அந்த ஒரு இடம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது.

அந்த மனிதர் கொஞ்சம் பேராசைக்காரராக இருந்து தட்டை இரண்டடி நகர்த்தியிருந்தால் போதும், போட்டோவில் அங்கே ஒரு கடை விழுந்திருக்கும். கடை இருந்த இடம் என்று ஆகியிருக்கும். நல்லவராக இருந்து தொலைத்தார்.

எங்களுக்கு விதி இதுதான். ஒரு காலை, ஒரு மாலை, ஒரு வெள்ளிக்கிழமை என்று மூன்று முறை போக வேண்டும். மூன்றில் ஒரு முறையாவது ஆள் சரக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இருந்தால் கடை, இல்லாவிட்டால் காலி. காலி என்றால் புது வீதியில் இடம் கிடையாது. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யார் பெயரையாவது ஏற்றினால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று பயிற்சியின்போதே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தெற்கு ஓரம் வேறொரு பெண்ணுக்கு, அக்கா இருக்கும் வரிசை எனக்கு என்று பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். இது என் அக்கா கடை உள்ள வரிசை, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாவது முறை, வெள்ளிக்கிழமை சாயங்காலம். தரிசனக் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போகிறது. செங்கல்லுக்கு எதிரே டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விளக்குக் கடை அண்ணன் தட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உங்க அக்கா எடம்தாம்மா. நாங்க பாத்துக்கினுதான் கீறோம். அவ பேர எழுதிக்க" என்றார்.

"ஆள் இருக்கணும்ணே. ரூல் அப்படி."

"ஆளு எங்க போய்ட்டா? தீட்டு முடிஞ்சா வரப்போறா. இதுக்கு இன்னா ரூல்?"

சூப்பர்வைசர் அங்கே இல்லை. அவர் தேர்முட்டிப் பக்கம் காபி குடிக்கப் போயிருந்தார். பக்கத்துக் கூடை ஒன்றை நகர்த்தி வைத்துப் போட்டோ எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்த வெற்றுத் தரையைப் போட்டோ எடுத்து, "காலி" என்பதைத் தொட்டேன். பயம் ஒரு காரணம். பட்டியல் வெளியான பிறகு ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள், அப்போது சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு இன்னொரு காரணம். இவை இரண்டையும் யாரிடமும் சொல்லலாம், கேட்கிறவரும் பாவம் என்பார். மூன்றாவது ஒன்று இருந்தது. சொந்த அக்கா என்றும் பார்க்காமல் நியாயமாக நடந்துகொண்டேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு பெருமை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பதினேழாம் நாள் அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணன் செங்கல்லை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மறுபடி உள்ளே வந்தது, ஏச்சும் மறுபடி தொடங்கியது. மாதங்கள் போயின. நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை, அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பட்டியலை ஒட்டிய அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். விளக்குக் கடை அண்ணன் பெயர் இருக்கிறது, இடது பக்கம் தேங்காய் விற்கும் அம்மா பெயர் இருக்கிறது, நடுவில் தன் பெயர் இல்லை என்றாள். குரலில் பதற்றமே இல்லை. எழுத்துப் பிழை மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள். "நீ உங்க ஆபீஸ்ல சொல்லி சேத்துடு" என்றாள், கடையில் சொல்லி ஒரு கிலோ சர்க்கரை கூடப் போட்டுவிடு என்கிற மாதிரி.

மனு எழுதினேன். மாமியாரின் இறப்புச் சான்றிதழை இணைத்தேன். அம்மாவின் பழைய அட்டையை இணைத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா, நான், விளக்குக் கடை அண்ணன், மூவரும் போனோம். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் வெளியே வந்து திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

"உடம்பு சரியில்லாம வரலைன்னா அதுக்கு இடம் இருக்கு. பிரசவம்னாலும் இருக்கு. தீட்டுன்னு போட்டா நான் எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லுங்க?" என்று என்னைத்தான் கேட்டார். கோயிலுக்கு வருகிறவர்களுக்காகப் போட்ட திட்டம், அதில் தீட்டுக்கு ஒரு கட்டம் இல்லை.

அண்ணன் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "சார், அது இவங்க எடம்தான் சார். நாங்கதான் காலியா வச்சிருந்தோம். ஒரு ஈ காக்காவ குந்த வுடல சார். கோயில் மேல சத்தியமா சொல்றேன்."

அதிகாரி தலையசைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த தட்டச்சுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். "அருகில் உள்ள கடைக்காரரும் அந்த இடம் காலியாக இருந்ததை உறுதி செய்கிறார்."

"அய்யோ, நான் அப்டி சொல்லல சார்" என்று அண்ணன் பதறினார். அவர் அப்படித்தான் சொன்னார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு அதிகாரி கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பெருக்கித் தண்ணீர் தெளித்த தரை, இரண்டு செங்கல். கீழே வெயில் சாய்ந்த பக்கத்தில் ஒரு பெண்ணின் நிழல், கையில் டேப்லெட்டோடு, தோளில் பை தொங்க. அக்கா திரையைப் பார்த்தாள், என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"நீதான் போட்டோ புட்ச்சியா?"

"ஆமாக்கா."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான், "காலின்னு எழுதிடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீட்டாவது மண்ணாவதுன்னு வந்து குந்தியிருப்பேன்டி" என்றாள். வந்திருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள், நானும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது என்ன, மறுநாள் அதே பையை மாட்டிக்கொண்டு அதே வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நான் ஏறாத படி இல்லை. மேல்முறையீடு போட்டேன், வார்டு ஆபீஸில் காத்துக் கிடந்தேன், குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றேன். போன இடத்திலெல்லாம் அந்த போட்டோவைத்தான் எடுத்துக் காட்டினார்கள். நான் எடுத்ததை எனக்கே காட்டினார்கள். எடுத்தது நான்தான், தப்பு என்னுடையது என்று ஒரு இடத்தில் சொன்னேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், உங்கள் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு அப்புறம் இதைப் பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேனா? இல்லை. என் சம்பளமும் போய்விட்டால் மாமா மருந்துக்கு யார் தருவது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரையும் எழுப்பினார்கள். பட்டியலில் உள்ளவர்களுக்குக் குளத்தின் மறு ஓரத்தில் தற்காலிக இடம் கொடுத்தார்கள். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நாள் பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்தாள், அங்கே விசில் ஊதினார்கள். லஸ் முனையில் நின்றாள், அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் அதுதான் சோறு. கடைசியில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். பூ வெயிலில் சுருண்டது. வழக்கமாக வாங்குகிற ஒரு மாமி ஒருநாள் வழியில் பார்த்துவிட்டு, "உன்னை எங்கேன்னு தேடிண்டு வர்றது? எங்காத்துல இப்போ போன்ல சொன்னா பூ வாசலுக்கே வந்துடறது" என்று சொல்லிவிட்டு, பாவப்பட்டு இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனாளாம். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அந்த மாமி மேல் கோபப்படவில்லை. "அவங்க கால்வலிக்காரங்கடி, பாவம்" என்றாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை, யார் மேல் என்று தெரியாமல்.

வேலை முடிந்து வீதியைத் திறந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கவில்லை. வயதானவர்கள் தடுக்கி விழாமல் நடந்தார்கள். கருங்கல் தளம், ஒரே மாதிரி விளக்குக் கம்பம், பழைய வீடுகளின் முன்னால் அவற்றின் கதை சொல்லும் பலகை. பட்டியலில் இருந்தவர்களுக்கு எஃகுப் பெட்டிக் கடைகள், அவர்களுக்கு ஒரே நிறத்தில் மேலங்கி. விளக்குக் கடை அண்ணன் அந்த மேலங்கியில் வங்கி வாசல் காவலாளி மாதிரி இருந்தார். அக்கா உட்கார்ந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் தொட்டி வைத்து அதில் செடி நட்டிருந்தார்கள். பூக்காரியை எழுப்பிவிட்டுப் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் ஆபீஸில் சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கோபப்படவும் இல்லை.

சில வாரம் கழித்து சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். கோயில் ஊர்களைப் பற்றி விளம்பரப் படம் ஒன்று எடுக்கிறார்களாம். பெட்டிக் கடையில் மேலங்கி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் படத்துக்குச் சரிப்படவில்லையாம். "தரையில உட்கார்ந்து பூ கட்டற மாதிரி, பெரிய பொட்டு வச்ச அம்மா யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா? ரொம்ப இயல்பா இருக்கணும்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அக்காவைச் சொன்னேன். படம் எடுக்கும் இடத்துக்குப் பெரிய அதிகாரிகள் வருவார்கள், அவள் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்காவது மனசு இளகும், அப்போது காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை. கையாலாகாதவளுக்கு வேறு என்ன வரும்?

அக்காவிடம் சொன்னபோது, "அதே எடத்துலயா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடியற்காலையிலேயே கோயம்பேட்டுக்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு பங்கு மல்லி வாங்கி வந்துவிட்டாள். அவளிடம் இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் அதை மாற்றி ஒரு பருத்திப் புடவை கொடுத்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டார்கள். அக்கா உட்கார்ந்து, காலை மடக்கி, கூடையை முன்னால் இழுத்து, நாரை எடுத்தாள். ஒரு நிமிஷத்தில் விரல் ஓடத் தொடங்கிவிட்டது. கேமராவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. டைரக்டர், "பிரமாதம், அந்தம்மா நிஜமாவே பூக்காரம்மா மாதிரி இருக்காங்க" என்றார்.

பத்து நிமிஷத்துக்குள் ஆள் வந்துவிட்டது. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "அட, வந்துட்டியாம்மா!" என்று கையை நீட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே முழம் போட்டாள். படப்பிடிப்பில் இருந்த ஒருவர் ஓடிவந்து, "கொடுக்காதீங்கம்மா, பூ குறைஞ்சா கண்டின்யுட்டி போயிடும்" என்றார். அக்காவுக்குப் புரியவில்லை. "விக்கத்தானங்க வந்துகீறேன்?" என்று கேட்டாள். படத்துக்கு மட்டும்தான், விற்கக் கூடாது என்று அவர் விளக்கினார். அப்புறம் யார் கேட்டாலும் அக்கா தலையாட்டி இல்லை என்றாள், மடி நிறையப் பூவை வைத்துக்கொண்டு.

அதிகாரி ஒருவர் வந்தார். நான் கிட்டே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு, தீட்டு, செங்கல், என் போட்டோ, எதையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "பார்க்கலாம்மா, மனு ஒண்ணு கொடுங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

மதியம் படப்பிடிப்பு முடிந்தது. பலகையை எடுத்தார்கள், பருத்திப் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்கா பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு மறுபடி வந்து, பலகை இல்லாத அந்த வெறுங்கல்லிலேயே உட்கார்ந்தாள். காவலுக்கு நின்றவர் இரண்டு தரம் விசில் ஊதினார். பிறகு கிட்டே வந்து, "எழுந்திரும்மா, இங்க உட்காரக் கூடாது" என்றார். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் எழுந்திருக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கும் ஷூட்டிங் கீதாடி?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டுச் சொல்றேன்க்கா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ஒரு முழம்கூட விற்காத அந்தப் பூவை நாளைக்கு ஆகும் என்று ஈரத்துணியில் சுற்றத் தொடங்கினாள்.